வெட்ட உரிமை இல்லாத மரம்

திண்டுக்கல் சீமையில் மரத்தைப் பற்றி மேடையேறிப் பேசுகிறவர் யாராக இருந்தாலும் சொல்வது ஒன்றுதான். ஊர்சனம் விறகுக்கும் காசுக்கும் ஆசைப்பட்டு மரத்தை வெட்டித் தீர்த்துவிட்டது, மழை பொய்த்தது, இனி அரசும் தொண்டு நிறுவனங்களும் கம்பெனிகளும் கைகோத்து லட்சக்கணக்கில் கன்று நட வேண்டும், ஊரார் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றிவிட்டு, அதன்பிறகு மரத்தின் மேல் கைவைக்காமல் இருக்க வேண்டும். கட்சி வித்தியாசம் இல்லாமல் எல்லாரும் தலையாட்டும் கருத்து இது. ஆட்சி மாறினால் கன்றுப் பையில் ஒட்டிய படம் மாறும், கருத்து மாறாது. நல்லெண்ணத்தில் பிறந்த கருத்துதான், ஆனால் தவறான கருத்து. ஆத்தூர், செம்பட்டி, சின்னாளபட்டி, கன்னிவாடி என்று விரியும் இந்தச் சமவெளியில் மரம் குறைந்ததற்குக் கன்றுப் பஞ்சம் காரணமில்லை. மரத்தோடு வாழ்கிறவருக்கு அந்த மரத்தின் காயிலும் கிளையிலும் கட்டையிலும் உரிமை இல்லாத இடங்களில் நட்டது நிற்பதில்லை. உரிமை இருந்த இடங்களில் நடாததுகூட நின்றிருக்கிறது. இதுதான் என் கட்சி. மரம் வளர்ப்பதில் கிராமத்தைக் கூட்டாளி என்று அழைக்கிறவர்கள் முதலில் பங்கு என்ன என்று சொல்ல வேண்டும்.

நாட்காட்டியிலிருந்தே தொடங்கலாம். நம் நடவு விழாக்கள் ஜூன் 5ஆம் தேதி உலகச் சுற்றுச்சூழல் நாளிலும் ஜூலை முதல் வாரத்தில் வனமகோத்சவத்திலும் களைகட்டுகின்றன. வனமகோத்சவம் 1950இல், அப்போது மத்திய வேளாண் அமைச்சராக இருந்த கே.எம். முன்ஷி தொடங்கி வைத்தது. தென்மேற்குப் பருவமழையை நம்பிப் பயிர் செய்யும் வடநாட்டுக்கு அந்த வாரம் பொருந்தும். ஆத்தூரோ பழனி மலையின் மழைமறைவில் கிடக்கிறது. ஆனியிலும் ஆடியிலும் இங்கே மழைக்குப் பதில் காற்றுதான் வரும். மண்ணின் ஈரத்தையும் இலையின் ஈரத்தையும் சேர்த்துக் கொண்டுபோகிற காற்று. ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் விழுகிறது. ஜூனில் குழியில் இறக்கிய கன்று வடகிழக்குப் பருவத்தைப் பார்க்க நாலு மாதம் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். சொந்தத் தோட்டத்தில் கிணறோ சொட்டுநீரோ இல்லாமல் எந்த விவசாயியும் ஆனி மாதம் கன்று வைக்க மாட்டார். அவரைக் கேட்டிருந்தால் புரட்டாசி கடைசியில் குழி எடுத்து, முதல் மழைக்கு மண் ஆறவிட்டு, அடுத்த மழைக்கு வை என்று சொல்லியிருப்பார். இதைத் தெரிந்துகொள்ள நிபுணர் குழு வேண்டாம், டீக்கடையில் கேட்டால் போதும். அப்படியும் எழுபது வருஷமாக ஜூனிலும் ஜூலையிலும் நடுகிறோம். விழா எந்த நாளில் என்பதை மேலே இருப்பவர்கள் முடிவு செய்கிறார்கள், கன்று காய்ந்தால் பழி மட்டும் கீழே இறங்கி ஊராரின் ‘அக்கறையின்மை’ மேல் விழுகிறது.

நாள் தவறியதைக்கூடத் திருத்திவிடலாம், அளவுகோல் தவறியதுதான் பெரிய வினை. பக்கத்து ஒட்டன்சத்திரம் பகுதியில், இடையகோட்டையில், 2022 டிசம்பரில் ஆறு மணி நேரத்தில் ஆறு லட்சம் கன்றுகள் நட்டு உலக சாதனை என்று அறிவிக்கப்பட்டது. பரப்பு 117 ஏக்கர். வகுத்துப் பார்த்தால் ஏக்கருக்கு ஐயாயிரத்துக்கு மேல். புளியை முறையாக வைத்தால் மரத்துக்கு மரம் பத்து மீட்டர் விட வேண்டும். ஏக்கருக்கு நாற்பது நிற்கும். அடர்நடவில் போட்டி போட்டுச் சில சாகும், சில ஓங்கும் என்பது அந்த முறையின் கணக்கு என்பார்கள். இருக்கட்டும். அப்படியானால் எண்ண வேண்டியது எஞ்சியதைத்தானே? அந்தக் கன்றுகளின் கதி பற்றியதல்ல என் கேள்வி. சாதனை என்று எதை எண்ணினோம் என்பது பற்றியது. கைகளையும் மணியையும் எண்ணினோம். நடவையே அளவுகோலாக்கினால் என்ன கிடைக்கும் என்பதற்கு இமாச்சலப் பிரதேசத்தின் காங்ரா மாவட்டம் பதில் வைத்திருக்கிறது. அங்கே பல பத்தாண்டுகளாக அரசு செய்த நடவுகளைச் செயற்கைக்கோள் படங்களோடும் வீட்டு ஆய்வுகளோடும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2021இல் ‘நேச்சர் சஸ்டெயினபிலிட்டி’ இதழில் வந்தது. நடவால் காட்டின் அடர்த்தி கூடியதற்குச் சான்று இல்லை. ஊராருக்கு வேண்டிய தழையும் விறகும் தரும் அகன்ற இலை மரங்களின் பங்கு சற்றுக் குறைந்திருந்தது. பிழைப்புக்கும் சொல்லும்படியான ஆதாயம் இல்லை. மேலை நாட்டுப் பணத்தில் அவசரமாக நடந்த கூத்தும் அல்ல அது. ஒரு மாநில வனத்துறை வழக்கமாகச் செய்துவந்த வேலை.

இந்த அளவுகோலின் உச்சம் 33 சதவீதம் என்ற எண். நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு மரப்போர்வை என்ற இலக்கு 1952 வனக் கொள்கையிலேயே உண்டு. 1988 கொள்கை அதைத் திரும்பச் சொன்னது. 2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கமும் பத்தாண்டுகளில் அதை எட்டுவதாக அறிவித்தது. எப்படி அளக்கிறோம்? இந்திய வன அளவை நிறுவனத்தின் கணக்கில் ஒரு ஹெக்டேருக்குக் குறையாத பரப்பில் பத்து சதவீதத்துக்கு மேல் மரநிழல் விழுந்தால் அது வனப்பரப்பு. நிலம் யாருடையது, மரம் எது என்ற கேள்வியே கிடையாது. செம்பட்டிச் சாலையோரத் தென்னந்தோப்பும் வனம், நீர்வரத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் சீமைக் கருவேலமும் வனம். தென்னைக்கு ஆழ்துளைக் கிணறு போட்டு நிலத்தடி நீரை வற்றடித்தால் நாம் இலக்கை நெருங்குகிறோம். மானாவாரி மேய்ச்சல் நிலத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் வெள்வேலத்தைப் பேணினால் அந்தக் கணக்கில் சேருமோ சேராதோ. 1988 கொள்கையின் இன்னொரு பகுதி, காட்டை ஒட்டி வாழ்கிற மக்களின் விறகு, தீவனம், சிறுமரத் தேவைகளுக்கு முதலிடம் தர வேண்டும் என்கிறது. அந்தப் பகுதியை மேற்கோள் காட்டி ஓர் இலக்கு அறிவிக்கப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

கிராமத்தைக் கூட்டாளியாக்கும் முயற்சிகள் நடக்கவே இல்லை என்பது என் வாதமல்ல. நடந்தன, அவற்றின் அமைப்பைத்தான் பார்க்க வேண்டும். 1981இல் ஸ்வீடன் நாட்டின் சிடா உதவியோடு தமிழ்நாட்டில் சமூகக் காடு வளர்ப்புத் திட்டம் வந்தது. கண்மாய், குளங்களின் நீர்ப்பிடிப்பில் வரிசை வரிசையாகக் கருவேலம் நட்டார்கள். முதிர்ந்ததும் ஏலம், வருவாயில் ஒரு பங்கு ஊராட்சிக்கு. காகிதத்தில் அழகான கூட்டு. ஆனால் குளம் வற்றும் மாசியிலிருந்து ஆடி வரைக்கும் அந்தப் பரப்பு வெறும் தரையா? நிலமில்லாதவரின் ஆடும் மாடும் மேய்கிற இடம் அது. வண்டல் எடுக்கிற இடம். கன்று தலையெடுக்கும் வரை மேய்ச்சல் அடைபடும். மரம் நின்றபின் ஏலம் எடுக்கக் கையில் ரொக்கம் வேண்டும். மேய்ச்சலை இழந்தவர் ஒருவர், ஏலம் எடுத்தவர் இன்னொருவர், பங்கு போய்ச் சேர்ந்தது ஊராட்சிக் கணக்கில். பிறகு 1990இல் மத்திய அரசின் கூட்டு வன மேலாண்மைச் சுற்றறிக்கை. 1997இல் ஜப்பான் கடனுதவியில் தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டம். 2005 முதல் அதன் இரண்டாம் கட்டம். ஊர்தோறும் கிராம வனக்குழு அமைத்தார்கள். தடுப்பணை கட்டினார்கள், கறவை மாட்டுக்குக் கடன் தந்தார்கள்; அவற்றால் நன்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் குழுவின் திட்டத்திலும் கணக்கிலும் வனத்துறையின் கையெழுத்து இல்லாமல் ஒன்றும் நகராது, காட்டின் மேல் குழுவுக்குச் சட்டப்படி நிற்கும் உரிமை எதுவும் கிடையாது. நிதி நின்றதும் பல ஊர்களில் குழுவுக்குப் பெயர்ப்பலகை மட்டும் மிஞ்சியதில் என்ன ஆச்சரியம்? சட்டப்படியான உரிமை 2006 வன உரிமைச் சட்டத்தில்தான் வந்தது. தமிழ்நாட்டில் அதுவும் 2008இல் உயர் நீதிமன்றம் விதித்த கட்டுப்பாட்டில் சிக்கி, 2016இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கும் வரை பட்டா வழங்காமல் கிடந்தது. சிறுமலையிலும் பழனி மலையிலும் தலைமுறைகளாகத் தேனும் கிழங்கும் எடுத்து வாழும் பளியர்களுக்கு அந்த எட்டு வருஷம் சும்மா போன எட்டு வருஷம்.

இனி மறுபக்கத்துக்கு வருவோம். விழாவும் நிதியும் இல்லாமல் மரம் நின்ற இடங்கள் எவை? திண்டுக்கல்லின் வடக்கு, மேற்குப் பகுதியிலிருந்து கரூர், திருப்பூர், ஈரோடு வரை பரவிய கொரங்காடு முதல் சான்று. மானாவாரி நிலத்தைச் சுற்றி முள்கிளுவைப் போத்துகளை மழைக்கு ஊன்றி உயிர்வேலி ஆக்குவார்கள். உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேலம். கோடையில் புல் காய்ந்த பிறகு வெள்வேலங்காய் உதிரும். ஆடு பொறுக்கித் தின்னும். செரிக்காத விதை புழுக்கையோடு விழுந்து அடுத்த மழைக்கு முளைக்கும். முளைத்ததில் எதை விடுவது, எதைக் களைவது என்பதை நிலத்துக்காரர் பார்த்து முடிவு செய்வார். முதிர்ந்த மரத்தை வெட்டி விற்பார், கீழே இளசு நிற்கும். காங்கேயம் மாட்டையும் ஆட்டையும் பட்டிக்குப் பட்டி மாற்றி அடைத்துப் புல்லுக்கு ஓய்வு கொடுப்பார். கன்று வாங்கவில்லை, தண்ணீர் ஊற்றவில்லை, ஆனால் வறட்சிக்குப் பேர்போன மண்ணில் மரமும் புல்லும் கால்நடையும் தலைமுறை தாண்டி நின்றன. இதை வேளாண்காடு என்று யாரும் பெயர் வைத்து ஆரம்பிக்கவில்லை. வேலியும் வேலமும் புல்லும் ஒருவருடைய கையில் இருந்தன, அவ்வளவே. நத்தம் பக்கத்துப் புளியும் அப்படித்தான். தை பிறந்தால் உலுக்கல் தொடங்கும். பங்குனி வரை ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை தட்டி எடுக்கும் வேலை பெண்களுக்கு. வயல் வேலை ஓய்ந்த மாதங்களில் கூலி தருகிற மரம் அது. கன்றுக்கு ஐம்பது வருஷம் ஆயுள் வேண்டும் என்று மேடையில் வேண்டிக்கொள்பவர்கள், காய்க்கிற புளியை ஏன் யாரும் வெட்டுவதில்லை என்பதை யோசித்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

மலைமேல் ஏறினால் மறுபாதி. ஆத்தூர்க் காமராசர் அணைக்கு நீர் வரும் கீழ்ப்பழனி மலையில் ஆடலூர், பன்றிமலை, தாண்டிக்குடி, பண்ணைக்காடு என்று காப்பித் தோட்டங்கள் இருக்கின்றன. நிழல் மரங்களின் கீழ் காப்பி, மரத்தில் மிளகுக்கொடி, ஊடே மலைவாழை, ஆரஞ்சு, பலா. இந்தப் பல அடுக்குச் சாகுபடியில் மண் வெயிலும் அடைமழையும் நேரடியாகப் படாமல் இருக்கிறது. திண்டுக்கல் நகரம் குடிக்கும் தண்ணீரில் இந்த நிழலுக்கும் பங்குண்டு. சட்டம் இந்தத் தோட்டக்காரருக்கு என்ன சொல்கிறது? 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம், தன் பட்டா நிலத்து மரத்தை வெட்டவும் குழுவின் அனுமதி கேட்கச் சொல்கிறது. பாதுகாக்க வந்த சட்டம்தான். ஆனால் இப்படிப்பட்ட தடைகள் என்ன செய்யும் என்பதைக் குடகு காட்டிவிட்டது. அங்கே காட்டு மரங்களை வெட்ட ஆயிரம் முட்டுக்கட்டை, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக்குக்கு எளிய வழி. தோட்டக்காரர்கள் கணக்குப் போட்டார்கள்: நாட்டு மரம் முளைத்தால் பிற்காலத்தில் தலைவலி, சில்வர் ஓக் வைத்தால் வங்கி வைப்பு. ஒவ்வொரு தோட்டமாக நிழலின் முகமே மாறியது. சந்தனத்தின் கதை இதைவிடச் சோகம். தன் நிலத்தில் தானாக முளைத்த சந்தனத்துக்கும் விவசாயி முழு உரிமையாளர் இல்லாத காலத்தில், அது போலீசையும் திருடனையும் ஒருசேர வீட்டுக்கு அழைத்துவரும் மரமாக இருந்தது. அதை யார் வளர்ப்பார்? கர்நாடகம் 2001இலும் தமிழ்நாடு 2002இலும் சட்டத்தைத் திருத்தி நிலத்துக்காரரே சந்தனத்துக்கு உரிமையாளர் என்று ஆக்கிய பிறகுதான் தனியார் நிலத்தில் சந்தனத் தோப்பு என்ற பேச்சே எழுந்தது. ஒரு மரத்தைக் காப்பாற்றக் கடுமையான சட்டம் போட்டதே அது நாற்றுப் பருவத்தில் பிடுங்கப்படக் காரணமானது என்றால், தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலையைத்தான் செய்துகொண்டிருந்தோம்.

ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டு அனுபவம் இதைப் பெரிய அளவில் உறுதி செய்கிறது. பிரெஞ்சு ஆட்சிக்காலச் சட்டப்படி மரம் எல்லாம் அரசுடைமை. வயலில் நின்ற மரத்தை விவசாயி தனதாகக் கருதவில்லை, வெட்டி ஒழித்தார். எழுபதுகளின் வறட்சிக்குப் பின் கோடிக்கணக்கில் கன்று நட்டார்கள், பெரும்பாலானவை செத்தன. எண்பதுகளில் மராடிப் பகுதியில் விவசாயிகள் வேறொன்று செய்யத் தொடங்கினார்கள்: வயலில் மண்ணுக்கடியில் உயிரோடு கிடந்த பழைய வேர்க்கட்டைகளின் தளிர்களில் நல்லதை விட்டு மற்றதைக் கழித்தார்கள். அதிகாரிகள் கண்டும் காணாமல் இருந்தார்கள், பின்னர் சட்டமும் இளகியது. ஐம்பது லட்சம் ஹெக்டேர் அளவுக்கு வயல்களில் மரம் திரும்பியது, நட்ட கன்றாக அல்ல, கழித்துவிட்ட தளிராக. நம் கொரங்காட்டுக்காரர் வெள்வேலத்துக்குச் செய்வதும் இதுதான். அங்கே உலகம் அதைப் பாடமாக எடுத்துக்கொண்டது; இங்கே நாம் அந்த நிலத்தைத் ‘தரிசு’ என்று எழுதிவைத்து, சூரியத் தகடு பதிக்கக் குத்தகைக்கு விடுகிறோம்.

உரிமை கொடுத்தால் வெட்டிவிடுவார்கள் என்பதுதான் எதிர்த்தரப்பின் வலுவான வாதம். வெட்டுவார்கள், வெட்டத்தான் வேண்டும். மகள் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் கந்துவட்டிக்குப் போகாமல் இரண்டு வேம்பை விற்பதற்கு என்ன குற்றம்? ராபர்ட் சேம்பர்ஸும் மெலிசா லீச்சும் 1989இலேயே எழுதினார்கள்: ஏழைக் குடும்பத்துக்கு மரம் சேமிப்பு, அவசரத்துக்கு எடுக்க முடியாத சேமிப்பில் யாரும் போட மாட்டார்கள். வெட்டத் தடை என்பது அந்தச் சேமிப்பை முடக்குவது. கேட்க வேண்டியது ஒரு மரம் விழுந்ததா என்பதல்ல, பத்து வருஷத்துக்குப் பிறகு அந்த நிலத்தில் நிற்கும் மரங்கள் கூடினவா என்பது. தமிழ்நாட்டில் இதற்குச் சான்று தேடி அலைய வேண்டாம். கரூர் மாவட்டத்துக் காகித ஆலை, தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், இருபது வருஷமாக விவசாயிகளோடு ஒப்பந்தம் போட்டுச் சவுக்கும் தைலமும் வளர்க்கிறது. கன்று, ஆலோசனை, வாங்கிக்கொள்ளும் உறுதி மூன்றும் உண்டு. வெட்டவும் ஏற்றவும் பெரிய தடை இல்லை. விவசாயிகள் தாமாகவே ஏக்கர் ஏக்கராக வைத்தார்கள். யாரும் உலக சாதனைப் புத்தகத்துக்கு எழுதிப்போடவில்லை.

“பார்த்தீர்களா, கடைசியில் தைலமரத்தில்தான் வந்து நிற்கிறீர்கள்” என்று அடுத்த மறுப்பு உடனே வரும். நியாயமான மறுப்பு. ஒற்றை இன மரத்தோப்பு காடு ஆகாது, தண்ணீருக்கும் கேடு. நீலகிரியின் கிளன்மார்கன் பகுதியில் புல்வெளி நீர்ப்பிடிப்பு ஒன்றைத் தைலமரமாக்கி அளந்தபோது முதல் சுற்றிலேயே நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது. ஆனால் விவசாயி ஏன் தைலத்தையும் சவுக்கையும் தேடிப் போகிறார்? விலை ஒரு காரணம். தடையில்லாமல் வெட்டி லாரியில் ஏற்றலாம் என்பது இன்னொரு காரணம், அதைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. வேங்கை, ஈட்டி வைத்தால் எந்த அலுவலகத்தில் எத்தனை முறை நிற்க வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தெரியாது. தெரியாததில் யாரும் முப்பது வருஷத்தைப் போட மாட்டார்கள். சட்டம் அயல்மரத்துக்குக் கதவைத் திறந்தும் நாட்டு மரத்துக்குச் சாத்தியும் வைத்திருக்கிறது. பிறகு விவசாயிக்குப் பல்லுயிர்ப் பாடம் எடுக்கிறோம். 2017இல் வனத்துக்கு வெளியே வளரும் மூங்கிலை மரம் என்ற வரையறையிலிருந்து எடுத்து வழிவிட்டார்களே, அதுபோல் பட்டா நிலத்து நாட்டு மரங்களுக்குக் கதவைத் திறக்கட்டும். அப்போதும் விவசாயி தைலத்தையே வைத்தால் அவரைத் திட்ட நானும் வருகிறேன்.

நிலமுள்ளவருக்கு இதெல்லாம் சரி, நிலமில்லாதவருக்கு? இந்தக் கேள்வியைத்தான் நான் மற்றவற்றைவிட மதிக்கிறேன், ஏனென்றால் வேளாண்காடு பற்றிய உற்சாகப் பேச்சுகள் இதைக் கடந்துபோய்விடுகின்றன. விளைநிலங்களில் மரம் வளர்க்க வேளாண் துறை 2021-22இல் தொடங்கிய பசுமைப் போர்வை இயக்கத்தில் இலவசக் கன்றோடு, உயிரோடு நிற்கும் கன்றுக்கு இரண்டாம் ஆண்டிலிருந்து ஆண்டுக்கு 7 ரூபாய் வீதம் மூன்று ஆண்டுகள் ஊக்கத்தொகை உண்டு. நட்டதற்குத் தராமல் நிற்பதற்குத் தருவது, தொகை சொற்பம் என்றாலும், சரியான திசை. ஆனால் பட்டா இல்லாதவர் இதற்குள் வரவே முடியாது. அவருக்கான வழி நம் வருவாய்த் துறையின் பழைய கணக்கிலேயே இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலர் வைத்திருக்கும் கணக்குகளில் 2சி என்று ஒன்று உண்டு: புறம்போக்கு நிலத்தில் நிற்கும் பலன்தரும் மரத்தை அனுபவிக்கும் உரிமைக்கான பதிவு. பேச்சு வழக்கில் மரப்பட்டா, 2சி பட்டா. நிலம் அரசினுடையதாகவே இருக்கும். புளியும் பனையும் வேம்பும் தருவதை அனுபவிக்கிறவர் வேறொருவராக இருக்கலாம். சாலையோரத்திலும் கண்மாய்க்கரையிலும் ஊராட்சி நடும் ஒவ்வொரு மரத்தையும் நூறு நாள் வேலையில் குழி எடுத்த பெண்களின் குழுப் பெயரில் 2சியில் ஏற்றினால் என்ன தடை? இப்போது அவர்கள் குடத்தில் தண்ணீர் சுமந்து வளர்க்கும் புளி, காய்க்கத் தொடங்கியதும் ஏலத்துக்குப் போகிறது. தண்ணீர் சுமந்தவர் கூலிக்குக் கொட்டை தட்டுகிறார். மகாராஷ்டிரத்தின் மேண்டா லேகா கிராமம் 2009இல் சமூக வன உரிமை பெற்று, 2011இல் தன் மூங்கிலைத் தானே விற்கும் நிலைக்கு வந்தது. காட்டை விற்றுத் தின்றுவிடவில்லை. நம்மிடம் அத்தனை பெரிய சட்டப் போராட்டம்கூட வேண்டாத, பழகிய ஒரு பதிவேடு இருக்கிறது. அதில் தூசி தட்ட ஆள் இல்லை.

காட்டை எல்லாம் ஊராருக்குப் பங்கு போட்டுவிடலாமா என்று கேட்பவர்களுக்கு: இல்லை. எல்லா இடத்திலும் மரம் வேண்டும் என்பதே நான் மறுக்கும் கருத்தின் இன்னொரு முகம். பழனி மலை உச்சியின் புல்வெளிகளைப் பயனற்ற நிலம் என்று எண்ணித் தோல் பதனிடும் பட்டைக்கும் நார்க்கூழுக்கும் வாட்டிலும் தைலமும் பைனும் நட்டார்கள். 1973க்கும் 2014க்கும் இடையில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாக 2018இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அதுவும் ஒரு நடவு இயக்கம்தான். கீழே அய்யலூர், கடவூர்ப் பக்கத்து முள்காடுகளில் தேவாங்கு வாழ்கிறது. அதற்காக 2022இல் திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரைச் சரணாலயமாக அறிவித்தார்கள். ‘வெறும் முள்ளுக்காடு’ என்று எண்ணி அங்கே குழி தோண்டியிருந்தால் அந்த விலங்கு போயிருக்கும். சீமைக் கருவேலமும் ஒரு காலத்தில் விறகுக்கும் பசுமைக்கும் என்று பரப்பப்பட்டதுதான். 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை வேரோடு அகற்ற உத்தரவிடும் நிலைக்கு வந்தது. எங்கே நடக்கூடாது என்பதைச் சொல்லத் தெரிந்தவர், அந்த நிலத்தில் ஆடு மேய்த்தவரும் தேன் எடுத்தவரும்தான். அவருக்குப் பங்கு இருந்தால் வாய் திறப்பார்.

அவசரம் என்று கடைசியாகச் சொல்வார்கள். பருவநிலை காத்திராது, கம்பெனிகள் சமூகப் பொறுப்பு நிதியோடும் கார்பன் வரவுக் கணக்கோடும் வாசலில் நிற்கின்றன, உரிமை விவகாரத்தைப் பேசிக்கொண்டிருந்தால் பணம் வேறு மாநிலத்துக்குப் போய்விடும். போகட்டும் என்று நான் சொல்லவில்லை. அவசரக்காரர்தான் முக்கியமாகக் கேட்டாக வேண்டும், மூன்றாம் கோடையில் காய்ந்த கன்று எவ்வளவு கார்பனைப் பிடித்தது என்று. கார்பன் ஒப்பந்தம் இருபது, முப்பது வருஷம் மரத்தை நிறுத்திவைக்கச் சொல்கிறது. அத்தனை காலம் விவசாயியின் கையைக் கட்டுகிற காகிதம் தமிழில் இருக்க வேண்டும், விலை உயர்ந்தால் அவர் பங்கும் உயர வேண்டும், கிணறு வற்றி மரம் பட்டுப்போனால் அபராதம் அவர் தலையில் விழக்கூடாது. ஆத்தூர் ஒன்றியத்திலேயே காந்திகிராமம் இருக்கிறது, 1956 முதல் ஊரக ஆய்வையே தொழிலாகக் கொண்ட நிறுவனம். நிதி தருகிறவர்கள் நடவு நாளன்று புகைப்படக்காரரை அழைப்பதற்குப் பதில், மூன்றாம் ஆண்டு பங்குனியில் அங்கிருந்து மாணவர்களை அழைத்து, உயிரோடு நிற்பதை எண்ணச் சொல்லலாம். எண்ணிக்கையோடு ஒவ்வொரு மரத்துக்கும் எதிரே இன்னொரு பத்தி இருக்க வேண்டும்: காய் யாருக்கு, கிளை யாருக்கு, விழுந்தால் கட்டை யாருக்கு. அந்தப் பட்டியலைக் கிராம சபையில் சத்தமாக வாசிக்கட்டும். பத்தி காலியாக இருக்கும் இடங்களுக்கு அடுத்த ஆண்டுக் கன்று அனுப்ப வேண்டாம்.